ஆலை வேலியோரம் கோஸ்

1

போன மாதம் ஹாலந்தில் எங்கள் ஆலையின் வேலியோரம் கோஸ் அறுத்தோம். வேலிக்கு உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை என்று ஆலையைச் சுற்றி நட்டிருக்கிறோம். இது இரண்டாவது வருடத்து அறுப்பு. ஓர் இலையில்கூட ஒரு புள்ளி இல்லை. பெரியதாகப் பார்த்து ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். என் கணவர் திருச்சிக்காரர், சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினார். இந்தக் கதையில் அவருக்கு அவ்வளவுதான் வேலை. மகள் இரீன் மட்டும் "ஃபேக்டரி கோஸா?" என்று தட்டைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் பசி தாங்காமல் அவளே இழுத்துக்கொண்டாள்.

ஆலையைச் சுற்றி யாராவது காய்கறி நடுவார்களா என்று கேட்பீர்கள். ஆலையை நடத்துகிறவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். நட வைத்தவள் நான். ஆனால் யோசனை என்னுடையதல்ல. அது நெய்வேலிப் பக்கத்து ஆள் ஒருவருடையது. ஐரோப்பாவில் எது நல்லதாக நடந்தாலும் அது அங்கேயே முளைத்ததாக நம்பும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நெய்வேலி வந்திருக்கிறேன். தம்பியின் குவார்ட்டர்ஸில், பின்பக்கத்துப் பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து எழுதினால்தான் கோபம் சரியான சூட்டில் வருகிறது.

2

என் பெயர் ஜெசிந்தா. அப்பா சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் பம்பு ஆபரேட்டராக இருந்தார். நெய்வேலிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், நிறுத்தினால் குளமாகிவிடும்.

நான் இப்போது குடியிருக்கும் வட ஹாலந்தும் அதே கதைதான். நிலம் கடலைவிடத் தாழ்வு. பம்பு நின்றால் கோஸ் வயலில் படகு விடலாம். அப்பா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு முறை எங்களைப் பார்க்க வந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காற்றாலையையும் பார்க்கவில்லை, பூந்தோட்டத்தையும் பார்க்கவில்லை. காரில் உட்கார்ந்ததுமே, "பம்பு ஹவுஸ் எந்தப் பக்கம்மா?" என்றுதான் கேட்டார்.

என் வேலை பாக்டீரியாவோடு. ஐஸ்கிரீம், சாஸ், பற்பசை எதை எடுத்தாலும் பின்னால் பொடி எழுத்தில் 'சாந்தன் கம்' என்று பெரும்பாலும் இருக்கும். கெட்டிப்படுத்துகிற பசை அது. எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது விடும் சேற்றுக் குழம்பில்கூட அதைக் கலக்கிறார்கள். அதை எந்த ஆலையிலும் யாரும் காய்ச்சி எடுப்பதில்லை. ஒரு வகை பாக்டீரியாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அது தன்னைச் சுற்றிப் பசையைச் சுரந்து தள்ளும். நாங்கள் பிரித்தெடுத்துக் காயவைத்துப் பொடியாக்குகிறோம்.

இதில் ஒரு தொல்லை. கேழ்வரகுக் கூழ் கிண்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். கூழ் கெட்டியாகக் கெட்டியாகத் துடுப்பு சுற்றாது. எங்கள் தொட்டியிலும் அதே பாடுதான். பசை இறுக இறுக, கீழேயிருந்து ஊதும் காற்று உள்ளே பரவாது. தான் சுரந்த பசைக்குள் அந்த பாக்டீரியாவே மூச்சு முட்டி நின்றுவிடும். பெரிய மோட்டார் வைத்துப் பார்த்தார்கள், அதைவிடப் பெரிய மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். மின்சாரம் போனதுதான் மிச்சம்.

நான் அந்த பாக்டீரியாவின் மரபணுவில் கைவைத்தேன். கொஞ்சம் காற்று இருந்தாலும் பிடித்துவைத்துக்கொள்ளும் இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து ஒரு மரபணுவை எடுத்து இதற்குள் சேர்த்தேன். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு அது தூரத்துச் சொந்தம். பசைக்கு மஞ்சள் நிறம் கொடுத்த மரபணுவை நீக்கினேன். மூன்றாவதாகச் செய்ததில்தான் இந்தக் கதை இருக்கிறது.

இந்த பாக்டீரியா பிறவியிலேயே கோஸுக்கு எமன். இலையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு முக்கோணம் தெரியும், பிறகு நரம்பு கறுக்கும், பிறகு கோஸே அழுகும். விவசாயிகள் கருப்பு அழுகல் என்பார்கள். பசை தயாரிக்க ஆலைகள் வளர்ப்பதும் அதே இனத்தைத்தான். அது இலைக்குள் நோயைச் செலுத்தப் பயன்படுத்தும் மரபணுக்களை நான் வெட்டி எடுத்தேன். நாங்கள் ஊட்டும் ஒரு சத்து இல்லாமல் வெளியே பிழைக்கவே முடியாதபடியும் செய்தேன். வருடக்கணக்கான வேலை. இரீனுக்குப் பால் பல் விழுந்ததும் முளைத்ததும் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதே நடந்தன.

மரபணு மாற்றம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். என்னிடம் அந்தச் சுளிப்பு செல்லாது. ஆலையின் பழைய கூடத்தில் பல காலமாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாக்டீரியாவுக்குக் கோஸை அழுகவைக்கும் பல் அப்படியே இருந்தது. அதற்கு யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, ஏனென்றால் அது 'இயற்கை'. நான் பல்லைப் பிடுங்கிய புதியதற்கு ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டியிருந்தது. ஓர் அலுவலகம் மண்ணைப் பற்றிக் கேட்டது. இன்னொன்று மண்புழுவைப் பற்றிக் கேட்டது. தண்ணீர் வாரியம் வாய்க்கால் வாத்துகளைப் பற்றிக் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்பதில் தப்பில்லை. பழையதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையே என்பதுதான் என் எரிச்சல்.

கடைசி வாசல், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

3

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கல்யாண மண்டபம்தான் கண்ணில் வந்தது. நெய்வேலியைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்துக்கான கருத்துக் கேட்பு அங்கே கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும்.

அம்மாவின் தம்பி சூசை மாமா சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். எங்கள் வீட்டுச் சோறு சுரங்கத்திலிருந்து வந்தது. அம்மா பிறந்த வீட்டுச் சோறு, சுரங்கம் கேட்ட நிலத்திலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் அன்று இரண்டும் ஒரே பந்தியில் உட்காரும். சண்டை வரும், பிரியாணி வந்ததும் அடங்கும். நான் இரண்டையும் தின்று வளர்ந்தவள். இரண்டில் எதற்கும் வெட்கப்படச் சொன்னால் கேட்கமாட்டேன்.

நான் கல்லூரியில் படித்தபோது, மாமா ஊர்ப் பக்கம் சுரங்கத்தை நீட்டுவதற்காக அப்படி ஒரு கூட்டம் நடந்தது. அப்பா மாமாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார், நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அப்பா மண்டபத்துக்குள் வரவில்லை. எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார்.

"நான் பர்மனென்ட் ஆளு. உள்ள வந்தா ரெண்டு பக்கமும் என்னையேதான் பாக்கும். நீ மாமாகூடப் போம்மா" என்றார்.

மேடையில் நீள மேஜை, வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில். பதில் சொல்ல உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எல்லோரையும் ஐயா, அம்மா என்றே பேசினார். ஒவ்வொரு பதிலையும் "யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராதுங்க" என்று முடித்தார். மாமாவின் முறை வந்தது. மைக்கை வாங்கினார்.

"ஐயா, வராதுன்னு சொல்றீங்க, ரொம்ப சந்தோஷங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்கங்க குடியிருக்கீங்க? எங்க வூட்டாண்ட ஒரு மனை தரேன். புள்ளைங்கள இட்டுக்கினு வந்து வூடு கட்டிக் குடியிருங்க. நாங்க குடிக்கிற தண்ணிய நீங்களும் குடிங்க. அப்புறம் நான் ஏங்க எதிர்க்கப் போறேன்?"

மண்டபமே கைதட்டியது. அதிகாரி சிரித்தார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"நான் வெளையாட்டுக்குக் கேக்கலீங்க" என்றார் மாமா. அதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

வெளியே வந்ததும் அப்பா, "இன்னா சொன்னாரு?" என்றார்.

"தண்ணி குடிச்சாரு" என்றார் சூசை மாமா. மூன்று பேரும் டீ குடித்தோம்.

அதன் பிறகு அந்த ஊர் நிலமும் கிணறும் என்னவாயின, எதனால் என்று இன்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு மறக்காதது அந்தக் கேள்வி. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

4

என் மேலதிகாரி மார்லூஸ் ஹாலந்துக் கூட்டத்துக்கு முன்பு என்னைக் கூப்பிட்டார். "விஞ்ஞானி பேசினால் மக்கள் நம்புவார்கள். யார் என்ன கேட்டாலும் இந்த ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். அந்த வாக்கியம் இதுதான்: எங்கள் உற்பத்தியால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் ஏற்படாது. பழைய கூடத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

என் டச்சு மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் ரொட்டிக் கடையில் நான் டச்சில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. தொண்டையைச் சொறிந்துகொண்டு வர வேண்டிய எழுத்து எனக்கு உதட்டிலிருந்து வருகிறது. குடியுரிமைத் தேர்வில் பாஸ் செய்தேன், ரொட்டிக் கடையில் இன்னும் ஃபெயில். அதனால் அந்த வாக்கியத்தை இரீனிடம் படித்தேன். அவள் அங்கேயே பிறந்தவள், பத்தாவது படிக்கிற வயது.

"அம்மா, இன்னொரு வாட்டி. நீ ரொம்ப வேகம். தொண்டையில இருந்து வரணும்."

திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். கடைசியில், "ஓகே, இப்ப பெர்ஃபெக்ட்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "நான் மீட்டிங்குக்கு வரல. என் ஃபிரெண்டோட தாத்தா வர்றாரு. அவங்க எல்லாரும் உன்ன எதிர்த்துத்தான் பேசப் போறாங்க" என்றாள்.

"அம்மாவ நெனச்சா வெட்கமா இருக்காடி?"

"கொஞ்சம்" என்றாள். பொய் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. அப்போதுதான் உறைத்தது. இது கல்யாண மண்டபத்தில் கேட்ட வாக்கியம். மொழிதான் வேறு.

கூட்டம் ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

ஒருவர் எழுந்து, "உங்கள் நாட்டில் இப்படியெல்லாம் கூட்டம் போட்டு மக்களைக் கேட்கமாட்டார்கள், இல்லையா?" என்றார். அவர் நினைத்தது இரக்கம், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கள் ஊரில் கூட்டம் போடுவார்கள். மக்களும் உங்களைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்கள். நான் கேள்வி கேட்கிற பக்கத்திலிருந்து வந்தவள்" என்றேன்.

பிறகு ஹென்க் எழுந்தார். இரீனின் தோழியுடைய தாத்தா அவர்தான். வாழ்நாள் முழுக்கக் கோஸ் போட்டவர், கோஸைப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த மாதிரி கை. அவர் சுற்றி வளைக்கவில்லை. "நீங்கள் அங்கே வளர்ப்பது எங்கள் கோஸுக்கு வரும் கருப்பு அழுகல் கிருமியா?" என்று கேட்டார்.

மார்லூஸ் மைக்கை என் பக்கம் தள்ளினார். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் சுத்தமாகச் சொல்லக்கூடிய ஒரே டச்சு வாக்கியம் அதுதான். சொல்லவில்லை.

"ஆமாம், அதே இனம்தான்" என்றேன். "பழைய கூடத்தில் இருப்பது உங்கள் கோஸை அழுகவைக்கும். மூடிய தொட்டியில் இருக்கிறது, வெளியே விடுமுன் கொதிக்கவைத்துக் கொல்கிறோம். ஆனால் எந்தக் குழாயும் என்றைக்கும் ஒழுகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நீங்கள் பயப்படும் புதியது, நான் மாற்றியது. அதற்கு நோய் உண்டாக்கும் கருவியை வெட்டிவிட்டேன். என்னைக் கேட்டால் நீங்கள் பயப்பட வேண்டியது பழையதற்கு."

கூடத்தில் இரைச்சல் எழுந்தது. மார்லூஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் எழுந்து நின்றேன். இலக்கணம் எல்லாம் தப்பும் தவறுமாக வந்தது, நிறுத்தவில்லை.

"என் பேச்சை நம்ப வேண்டாம். ஆலை வேலியைச் சுற்றிக் கோஸ் நடுவோம். நோய் வெளியே வந்தால் முதலில் அதில் தெரியும். நீங்களே வந்து பாருங்கள். ஓர் இலையில் கண்டாலும் முதலில் தொட்டிகளை நிறுத்துவேன், பிறகுதான் சோதனை. அறுக்கிற கோஸை நானும் என் பிள்ளையும் தின்போம்."

"உங்களால் நிறுத்த முடியுமா?" என்றார் ஹென்க்.

"முடியும். இரண்டு கூடத்துக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்."

அந்த வாக்குறுதியைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் மார்லூஸ் அதைத்தான் கேட்டார். "யார் உங்களுக்கு அந்த உரிமை கொடுத்தது?" சூசை மாமா என்று வாயில் வந்தது. "நானே எடுத்துக்கொண்டேன்" என்றேன். மறு அறிவிப்பு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

வீட்டில் இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தமில்லை. கோஸ் விவசாயிகள் சங்கம் ஒரு முடிவு சொன்னது. கோஸ் நட்டால் எதிர்ப்பு இல்லை, நடாவிட்டால் கோர்ட்டு. நிறுவனம் கோஸைத் தேர்ந்தெடுத்தது. என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாற்று ஹென்க்கின் பண்ணையிலிருந்தே வந்தது. புதிய பாக்டீரியாவுக்கு அனுமதியும் வந்தது.

5

முதல் வருடம், கோஸ் பந்து கட்டத் தொடங்கிய சமயம். ஹென்க் வாராவாரம் சைக்கிளில் வந்து வேலியைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்ப்பார். ஒரு நாள் காலை எனக்குப் போன் செய்தார். ஆலைக்குச் செய்யவில்லை, எனக்குத்தான் செய்தார்.

"வந்து பாருங்கள்" என்றார்.

பின்பக்க வேலி. ஓர் இலை. ஓரத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே கறுத்த நரம்பு. மறுக்க வழியில்லை. புத்தம் புதியதாக நான் செய்தது இரண்டு கூடத்தில் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. இது அதுவாக இருந்தால் என் வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. பயப்படாதீர்கள் என்று இந்த ஊருக்கு நான் சொன்ன சொல் பொய்யாகும்.

மார்லூஸ் வந்து பார்த்தார். "முதலில் சோதனை செய்யலாம். இது எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதுவரை தொட்டி ஓடட்டும்" என்றார்.

"நான் சொன்னது வேறு" என்றேன்.

"நீங்கள் சொன்னது கூட்டத்தில். இது ஆலை."

கூட்டத்தில் ஒன்று, ஆலையில் ஒன்று. அந்த ஒரு பேச்சில் எனக்கிருந்த பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. நேராகக் கூடத்துக்குப் போனேன். என் தொட்டியை முதலில் நிறுத்தினேன். பிறகு பழைய கூடத்துத் தொட்டியையும் நிறுத்தினேன். பாதி வளர்ந்த பசை அத்தனையையும் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டியதாயிற்று. ஹென்க் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டார் சத்தம் அடங்கியதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நிறுத்துவேன் என்று அவர் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது.

அன்று வீட்டில் இரீன் கேட்டாள். "அம்மா, அது உன்னோடதா?"

"தெரியலடி."

"உன்னோடதா இருந்தா?"

"இருந்தா சொல்லிடுவேன்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்கு முன் அப்படி உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது.

சோதனை முடிவு வந்தது. இலையிலிருந்த பாக்டீரியாவில் நான் சேர்த்த மரபணு இல்லை. நான் வெட்டிய மரபணுக்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பழைய கூடத்துத் தொட்டியின் மாதிரியோடு அது அப்படியே பொருந்தியது. அந்தக் கூடத்துக்குப் பின்னால் கழிவுக் குழாயில் விரிசல், கொதிகலனுக்குப் போகும் முன்பே ஒழுக்கு. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படாத, யாரும் மண்புழுவைப் பற்றிக்கூடக் கேட்காத அந்த 'இயற்கை'.

இந்த முடிவைக் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. அது என் காதுக்கு வருமுன்பே நான் ஹென்க்குக்குப் போனில் வரிவரியாகப் படித்துக் காட்டி முடித்திருந்தேன்.

அவர் கேட்டார். "அப்படியென்றால் மாற்றியது நல்லது, மாற்றாதது கெட்டதா?"

"பொதுவாக அப்படிச் சொல்லமாட்டேன். இதில் அப்படித்தான். அடுத்து ஒன்று வந்தால், அப்போதைய கோஸைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

பழைய பாக்டீரியாவை மொத்தமாக நிறுத்தினார்கள். இப்போது இரண்டு கூடத்திலும் ஓடுவது என்னுடையது. மூச்சு முட்டாமல் பசை சுரக்கிறது. மார்லூஸ் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் வேலியோரம் கூட்டிப்போய், "இது எங்கள் யோசனை" என்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். நெய்வேலி யோசனை என்கிறேன். எத்தனை தடவையானாலும் திருத்துவேன்.

6

நேற்று கிறிஸ்துமஸ். பூசை முடிந்து வந்து எல்லோரும் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி அந்தோணி சுரங்கத்தில் இன்ஜினியர், அப்பா இருந்த அதே தண்ணீர்ப் பிரிவு. சூசை மாமா வடலூரில் பஸ் மாறி வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. பிரியாணியோடு நான் கோஸ் பொரியலும் செய்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு யாராவது கோஸ் செய்வார்களா என்று தம்பி மனைவி கேலி செய்தாள்.

ஏன் கோஸ் என்று முழுக் கதையையும் சொன்னேன். போனில் வேலியோரப் படத்தைக் காட்டினேன். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா பாப்பா, இந்தக் கோஸு அவங்க ஃபேக்டரி செவுத்தாண்டயேவா இருக்குது?"

"ஆமா மாமா. வேலிய ஒட்டி."

"நீயே தின்னியா?"

"நானும் தின்னேன், இரீனும் தின்னா."

"இதத்தாண்டி நான் அன்னிக்கிக் கேட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. "வெளையாட்டுக்குக் கேக்கறேன்னு நெனச்சிக்கினு சிரிச்சிட்டாங்க. நீ ஒருத்தி கேட்டுக்கினு இருந்திருக்க பாரு."

எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க அந்தோணியின் தட்டில் இன்னொரு கரண்டி பொரியலைப் போட்டேன்.

அவன் தலை நிமிராமல் பேசினான். "அக்கா, அடுத்த மாசம் ஒரு மீட்டிங் இருக்கு. நம்ம மாமா ஊருப் பக்கம்தான். தண்ணிய பத்திக் கேட்டா பதில் சொல்ல என்னை உக்கார சொல்லியிருக்காங்க."

மாமா போனை மெல்ல மேஜையில் வைத்தார்.

"அப்ப நான் உங்கிட்டதான் கேக்கணுமாடா?"

"இன்னா மாமா கேக்கப் போறீங்க?"

"அதேதான். வேற இன்னா கேக்கப் போறேன்? ஒரு கேள்விதான வச்சிக்கினு இருக்கேன்."

"மாமா, அங்க நான் என் இஷ்டத்துக்குப் பேச முடியாது. தெரியும்ல. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. யாருக்கும் எந்தப் பாதிப்பும்..." என்று தொடங்கி அந்தோணி அப்படியே நிறுத்தினான்.

அதுவரை போனில் மூழ்கியிருந்த இரீன் நிமிர்ந்து அந்தோணியைப் பார்த்தாள். "மாமா, அத மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அவளுடைய உடைந்த தமிழில். "அம்மாக்கு நான்தான் அத சொல்லிக்குடுத்தேன். பெர்ஃபெக்டா சொல்லிக்குடுத்தேன். அம்மா சொல்லல." அவள் முகத்தில் வெட்கம் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

அந்தோணி என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். அப்பாவைப் போலவே நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அன்று அப்பாவுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது, போய் நின்றுகொண்டார். இவனுக்கு மேஜைக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

மாமா காத்திருந்தார். சாப்பிடவில்லை.

அந்தோணியின் கை மெல்லத் தண்ணீர்த் தம்ளரை நோக்கிப் போனது. நான் எட்டி அதை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தண்ணி அப்புறம் குடிக்கலாம். மாமா கேட்டுக்கினு இருக்காரு, பதில் சொல்லு" என்றேன்.